நாக்குக்கு அடியில் ஒரு கல் உப்பு

“உனக்கு எதன் மேலயாவது அடக்கவே முடியாத ஆசை வந்திருக்கா?”

மறுகரை போதை மீட்பு மையத்து டாக்டர் ஷமீமா பிலோமியிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். பதில் சொன்னது அவளுடைய அம்மா சிசிலி.

“எம்மவளுக்கு ஆசைன்னே ஒண்ணும் கெடையாது டாக்டர். மக்ரூன் வாங்கிக் குடுத்தா முழுச அண்ணனுக்கு எடுத்து வச்சிட்டு, பொட்டலத்துல ஒட்டுன தூளத்தான் தின்பா. சின்னதுலயே அப்படித்தான்.”

“நான் அவளத்தான் கேட்டேன்மா.”

பிலோமி தலையைக் குனிந்துகொண்டு, “ஒண்ணுமில்ல டாக்டர்” என்றாள்.

வெளியாள் முன்னால், அதுவும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அந்தத் தெருப் பெண் வேறு என்ன சொல்வாள்? விருந்துக்குப் போன வீட்டில் இன்னும் ஒரு துண்டு மீன் வைக்கட்டுமா என்றால் வேண்டாம். பெருநாளுக்கு என்ன துணி வேண்டும் என்றால் எதுவானாலும் சரி. தூத்துக்குடிக் கடற்கரைத் தெருக்களில் பெண்பிள்ளைகள் நடை பழகும்போதே பழகிக்கொள்ளும் மரியாதை அது. டாக்டர் அதை மரியாதை என்று எடுத்துக்கொள்ளவில்லை. இந்தப் பெண்ணின் மூளையே அப்படி அமைந்தது என்று எடுத்துக்கொண்டார்.

உண்மையில் அந்தக் கேள்வியைக் கேட்ட நிமிடத்தில் பிலோமிக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அண்ணன் டெரன்ஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். கிரேன்களில் ஆள் ஏறிய காலம் மலையேறிவிட்டது. கரையில் ஒரு குளிரூட்டிய அறையில், திரை முன்னால் உட்கார்ந்து, விரலால் தள்ளினால் தூரத்தில் லாரி அளவுப் பெட்டி அந்தரத்தில் எழும்பும். ஒரே ஒரு தடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து ஆசை. அதைப் போய் டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

அந்த அறையில்தான் டெரன்ஸும் தாளுக்கு விழுந்தான். நகம் அளவில் கண்ணாடி போல ஒரு தாள். நாக்குக்கு அடியில் வைத்தால் கரைந்துவிடும். இரட்டை ஷிப்ட் பார்க்கிறவர்கள் கண் அசராமல் இருக்க ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கி வைத்தார்கள். பிறகு கண் அசந்தாலும் அசராவிட்டாலும் வேண்டியிருந்தது. டெரன்ஸ் இரண்டு முறை விட்டான். இரண்டு முறையும், எல்லாரும் நம்பத் தொடங்கிய பிறகு, திரும்ப விழுந்தான். இரண்டாவது முறை விழுந்தபோது வீட்டில் ஒருத்தர் எப்போதும் காவல் இருக்க வேண்டியிருந்தது. பிலோமி பள்ளிக்கூடத்தை விட்டது அப்போதுதான்.

“விடுறது பெரிய காரியமில்ல” என்றார் டாக்டர். “விட்டவன் எல்லாரும் ஒரு சாயங்காலம் சும்மா உக்காந்திருக்கும்போது ஏக்கம் எழும்பும் பாருங்க, அங்கதான் விழுறான். அந்த ஏக்கத்த அழிக்க இன்னும் யாருக்கும் வழி தெரியல. இடம் மாத்த மட்டும் தெரியும். உங்க அண்ணன் காதுக்குப் பின்னால ஒரு முத்து வைப்போம். உனக்கும் ஒண்ணு. அவருக்கு ஏக்கம் எழும்பினா அவரோட முத்து அதை அமுக்கிடும். உன்னோட முத்து அதே அளவு உனக்குள்ள எழுப்பும். நீ தாளைத் தொட்டதில்ல. எங்க விக்குதுன்னு தெரியாது. அதனால உன் கால் அங்க போகாது. அலை மாதிரி வந்துட்டுப் போயிடும்.”

“எப்பவும் நாந்தான் தாங்கணுமா டாக்டர்?”

“இல்ல. மருந்தே அங்கதான் இருக்கு. முடியலன்னா உன் முத்தை விரலால அழுத்து. அந்த அலை அவர்கிட்டயே திரும்பிடும். அவர் அதைத் தாங்கிப் பழகணும். மொதல்ல எப்பவாவது அழுத்து, அப்புறம் அடிக்கடி. வருஷம் முடியும்போது முழுப் பாரமும் அவர்கிட்ட இருக்கணும், அவருக்கும் தாங்கத் தெரிஞ்சிருக்கணும். புரியுதா?”

அம்மாவுக்கு இருதயம் சரியில்லை, அவள் தாங்க முடியாது. தாங்க வீட்டில் வேறு ஆளும் இல்லை. புரிகிறது என்று, பின்னால் நின்ற டெரன்ஸ் உட்பட, மூன்று பேரும் தலையாட்டினார்கள்.

முதல் அலை அவள் வேலை பார்க்கிற பேக்கரியில் வைத்து வந்தது. பிலோமி மக்ரூனுக்கு முட்டை வெள்ளையை அடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நாக்குக்கு அடியில் குளிர்ந்தது. பனிக்கட்டியில் கிடந்த இரும்புச் சாவியை நக்கினாற்போல ஒரு ருசி. வாய் முழுக்க எச்சில் ஊறியது. அப்புறம் நெஞ்சுக்குள் ஒரு பள்ளம் விழுந்தது. ஒன்றே ஒன்றை அதில் போட்டால் எல்லாம் சரியாகிவிடும். அந்த ஒன்றை அவள் வாழ்க்கையில் பார்த்ததுகூட இல்லை. கை தானாகக் காதுக்குப் பின்னால் போனது. அழுத்துவதற்கு முன் எதற்கும் கேட்டுக்கொள்வோம் என்று அம்மாவுக்குப் போன் போட்டாள்.

“எம்மோ, முடியலம்மா. அழுத்தட்டா?”

“கோட்டியாளா ஒனக்கு? இன்னைக்கித்தான் அவன் திரும்ப வேலைக்குப் போயிருக்கான். கிரேன் ரூம்ல உக்காந்திருக்கான். இப்ப அழுத்துனியன்னா பொட்டி எவன் தலையிலயாவது விழும். அந்தப் பாவம் ஒனக்கா எனக்கா?”

“டாக்டர் சொன்னாவளேம்மா...”

“டாக்டர் முடியலன்னா அழுத்துன்னுதான் சொன்னாவ. ஒனக்கு முடியும்ளா. ஒப்புக்கொடுத்துரு.”

ஒப்புக்கொடுத்துரு. அந்த வீட்டில் எந்த வலிக்கும் அதுதான் முதல் வைத்தியம். பல்வலி வந்தால், செத்த பிறகும் பாவம் கழியாமல் உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கு ஒப்புக்கொடு. கால் சுளுக்கினால் கடலுக்குப் போனவர்களுக்கு ஒப்புக்கொடு. வாய்விட்டு முனகினால் ஒப்புக்கொடுத்தது செல்லாது. அடுத்தவனுக்காகச் சத்தமில்லாமல் படுகிற பாடு மேலே கணக்கில் ஏறும் என்று நம்பி வளர்ந்தவள் பிலோமி. கையைக் காதிலிருந்து எடுத்தாள். முன்னால் இருந்த டப்பாவிலிருந்து ஒரு கல் உப்பை எடுத்து, அந்தக் குளிர்ந்த இடத்தில், நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. வாய் எரிந்தது. எச்சில் பெருகி வழிந்தது. உப்பு கரைந்து முடிந்தபோது அலையும் தணிந்திருந்தது.

அன்று சாயங்காலம் டெரன்ஸ் விசிலடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். “எம்மா, ஒரு நெனப்பும் வரலம்மா! பூப்போல இருந்துச்சு. மனச வச்சா எல்லாம் முடியும் பாத்துக்க.”

சிசிலி மாதா படத்துக்கு முன்னால் மண்டியிட்டு அழுதாள். பிலோமி அடுப்படியில் நின்று வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் பாவாடை நாடாவில் எப்போதும் ஒரு சிறிய உப்புப் பை தொங்கியது. அலை எந்த நேரமும் வரும். டெரன்ஸ் பழைய கூட்டாளியைத் தெருவில் பார்த்தால் வரும். சம்பளம் வந்தால் வரும். மழை பெய்தால் வரும். அவனுக்கு வருத்தம் வந்தாலும் வரும், சந்தோஷம் வந்தாலும் வரும். பேக்கரியில் சர்க்கரையின் ருசியே அவளுக்கு மறந்துபோனது. எந்த மக்ரூனை வாயில் போட்டாலும் நுரையைத் தின்பதுபோல இருந்தது. பக்குவம் சொல்ல முடியாத ஆளை வைத்து என்ன செய்ய என்று முதலாளி அவளைப் பொட்டலம் மடிக்கிற இடத்துக்கு மாற்றினார்.

“எப்பப் பாத்தாலும் உப்பத் திங்கியே, ஆடாளா நீ?” என்று டெரன்ஸ் கேலி செய்வான். “எம்மா, இவள உப்பளத்துல கட்டிக் குடுத்துருவம்.”

கட்டிக் கொடுக்கிற பேச்சு ஒருமுறை நிஜமாகவே வந்தது. புன்னைக்காயலிலிருந்து வந்தவர்கள் மீன்குழம்பைப் புகழ்ந்து சாப்பிட்டார்கள். போகும்போது மாப்பிள்ளையின் அக்கா பிலோமியின் முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் பார்த்தாள். “தாங்கிப் பிள்ளையா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு ஆள்விட்டுச் சொல்லி அனுப்பினார்கள்: அந்த ஏக்கம் பிறக்கிற பிள்ளைக்கும் ஒட்டிக்கொண்டு வரும் என்கிறார்களே, எங்களுக்கு எதற்கு வம்பு.

மாதம் ஒருமுறை மையத்துக்குப் போக வேண்டும். கூடத்து பெஞ்சுகளில் வரிசையாகத் தாங்கிகள் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாரும் பெண்கள்: மனைவி, அம்மா, தங்கை, மூத்த மகள். யாருக்காகத் தாங்குகிறார்களோ அந்த ஆண்கள் ரத்தம் கொடுத்துவிட்டு எதிர்ச் சாரியில் டீக்கடையில் நின்று அரசியல் பேசுவார்கள். ஆண்களின் ரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்துவிட்டு, தாங்கிகளிடம் நர்ஸ் வாயால் மட்டும் கேட்பாள்: “ஏதும் பிரச்சனை உண்டா?” பிலோமி வாயைத் திறப்பதற்குள் சிசிலி சொல்லிவிடுவாள்: “ஒண்ணுமில்லம்மா, நல்லா இருக்கா.”

அந்த பெஞ்சில் பேச்சித்தாய் என்று ஒருத்தி வருவாள். மீன்பிடித் துறையில் ஐஸ் உடைக்கிறவள். புருஷனுக்காகத் தாங்குகிறவள். அவள் வந்துவிட்டால் கூடமே கலகலக்கும்.

“எங்க வீட்டு ஆளு சீட்டு வெளையாட உக்காந்தாருன்னு வைய்யி, ஒரு அழுத்து. கொழம்புல புளி கூடிட்டும்பாரு, ஒரு அழுத்து. செவுத்துல முட்டிக்கிட்டு, ‘தாயே பேச்சி, எடுத்துக்கோ, எடுத்துக்கோ’ம்பாரு. நான் காதுல பஞ்ச வச்சிக்கிட்டு டிவி பாப்பேன்.”

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

“பாவமில்லியாக்கா?” என்று கேட்டாள் பிலோமி.

“என்ன பாவம்? தாள வச்சவரு அவரு. நீ எத்தன தடவ அழுத்துன இந்த மாசம்?”

பிலோமி உப்புப் பையின் நாடாவை விரலில் சுற்றினாள்.

“போன மாசம்?” பேச்சித்தாய் அவள் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். “ஏளா, ஒருக்கக்கூடவா அழுத்தல? அடி கோட்டிக்காரி! அந்தப் பய எப்பத் தாங்கிப் பழகுவான்?”

“அவ ஒப்புக்கொடுக்கா” என்றாள் சிசிலி. குரலில் பெருமை இருந்தது. “ஒங்களுக்கு அது வெளங்காது.”

“எனக்கு வெளங்காட்டா போவுது தாயி. ஒங்க மவனுக்கு வெளங்கட்டும்.”

வருஷம் முடிகிற சமயத்தில் கோயிலில் ஒரு கூட்டம் வைத்தார்கள். தாளை விட்டவர்களுக்கு மெடல் போடுகிற கூட்டம். டெரன்ஸ் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மைக் முன்னால் போய் நின்றான். நன்றாகப் பேசினான். விழுந்த கதையை ஒளிவுமறைவில்லாமல் சொன்னான்.

“உப்பளத்துப் பாதைல போவணும். பழைய குடோனுக்குப் பின்னால ஒரு நீலக் கதவு. அந்தக் கதவப் பாத்தாலே என் நாக்கு குளுந்துரும். தாள வாங்கி வெளிய வரமுன்ன வாயில வச்சிருவேன். மொதல்ல ஜில்லுன்னு இருக்கும். அப்புறம் பின்னங்கழுத்துல யாரோ பிரியமா கைய வச்ச மாதிரி ஒரு சூடு...”

சொல்லச் சொல்ல அவன் முகம் தெளிந்தே இருந்தது. கடைசித் தூணோரம் நின்ற பிலோமிக்குத் தரை நழுவியது. அவன் ஒவ்வொன்றாக நினைவிலிருந்து எடுக்க, எல்லாம் அவள் வாய்க்குள் வந்து விழுந்தன. ஜில்லென்ற தாள், கழுத்தில் விழுந்த கை. உப்புப் பையை அவிழ்க்க விரல் ஒத்துழைக்கவில்லை. தூணைக் கட்டிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற பெண் அவள் கண்ணில் நீரைப் பார்த்துவிட்டு, “அண்ணன நெனச்சுப் பெருமையா இருக்குல்லா?” என்றாள்.

“இந்த வருஷம் முழுக்க எனக்கு ஒரு நாள்கூட நெனப்பு வரல” என்று முடித்தான் டெரன்ஸ். “மனசு வேணும். அவ்வளவுந்தான்.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. மெடலைச் சிசிலி மாதா படத்துக்குக் கீழே ஆணியடித்து மாட்டினாள்.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் பிலோமி பேக்கரியிலிருந்து வழக்கமான பாதையில் திரும்பாமல் போனாள். அதைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

முத்தை எடுக்கிற நாள் வந்தது. முதலில் டெரன்ஸுக்கு எடுத்தார்கள். அவன் காதைத் தடவிக்கொண்டு டீக்கடைக்குப் போனான். பிறகு பிலோமிக்கு எடுத்தார்கள். தாங்கியின் முத்து தாங்கியதையெல்லாம் தனக்குள் வைத்திருக்கும். கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். டாக்டர் ஷமீமா அதை ஒரு கருவிக்குள் வைத்துத் திரையைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மறுபடியும் பார்த்தார்.

“நீ ஒரு தடவகூட அழுத்தலியா?”

“அழுத்தல டாக்டர்” என்றாள் சிசிலி. “வருஷம் முழுசும் எம்மவ அண்ணனுக்காக ஒப்புக்கொடுத்துட்டா.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். “உங்க மகனுக்கு நீச்சல் கத்துக்குடுங்கன்னு சொன்னேன். நீங்க வருஷம் பூரா மகள் முதுகுல அவரை ஏத்தி வச்சிருந்திருக்கீங்க. இப்ப நான் அவரை நடுக்கடல்ல இறக்கி விட்டிருக்கேன்மா. அவர் ஏக்கம் துளிகூடக் குறையல. அப்படியே இருக்கு.”

“எம்மவன் விட்டுட்டானே டாக்டர். மெடல் வாங்குனானே.”

“விட்டது அவர். விழாம நின்னது இவ.”

சிசிலிக்கு அது புரியவில்லை. பிலோமி மெல்லக் கேட்டாள்: “டாக்டர், முத்த எடுத்தாச்சுல்லா? எனக்கு ஏன் இன்னும் வாய் குளிருது?”

டாக்டர் திரையை அணைத்தார். “இவ்வளவு பாரம் ஒரே பாதையில போனா தடம் விழுந்திரும். இனிமே அது அவரோடது இல்ல. உன்னோடது. தாளைத் தொடாமலே உனக்கு வந்திருக்கு.”

“தொட்டதே இல்ல டாக்டர்.”

“தெரியும். நாங்க மாசாமாசம் அவரைச் சோதிச்சோம். உன்னைச் சோதிக்கல. கேக்கத்தான் செஞ்சோம்.”

“கேட்டீங்க. அம்மா சொன்னாவ.”

அப்போது எதிர்ச் சாரியில் கண்ணாடிக் கிளாஸ் விழுந்து உடைகிற சத்தம் கேட்டது. டீக்கடை பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு டெரன்ஸ் குனிந்து உட்கார்ந்திருந்தான். கூட நின்றவர்கள் பித்தம் என்று நினைத்து முதுகைத் தடவிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சிசிலி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அலறினாள். “திரும்ப வச்சிருங்க டாக்டர்! இவ தாங்குவா! இவளுக்குப் பழக்கந்தான்!”

டாக்டர் அவளை நர்ஸோடு வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். “முத்தைக் கெட்டுப்போகாம வச்சிருப்பேன். வெள்ளிக்கிழமைக்குள்ள திரும்பப் பொருத்தலாம். இந்தத் தடவ நீயா வந்து சொன்னாத்தான் செய்வேன். ஆனா உன்னோடது ஏற்கனவே உனக்குள்ள இருக்கு, அதுக்கு மேல அவரோடதும் ஏறும். அதைத் தெரிஞ்சுக்கோ.” கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். “அன்னைக்குக் கேட்டதத் திரும்பக் கேக்குறேன். உனக்கு எதன் மேலயாவது ஆசை இருக்கா?”

“அன்னைக்கு ஒண்ணு இருந்துச்சு டாக்டர்” என்றாள் பிலோமி. “கிரேன்ல ஒரு பொட்டி தூக்கணும்னு. இப்ப அது இல்ல. இப்ப தாள் மட்டுந்தான் இருக்கு.”

வியாழக்கிழமை மத்தியானம் சிசிலி கோயிலுக்குப் போயிருந்தாள். போகும்போது வாசலில் நின்று, “ஒரு வருஷம் தாங்குனவளுக்கு இன்னொரு வருஷம் தாங்கத் தெரியாதா? கூடப் பொறந்தவந்தானே?” என்று பிலோமிக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள்.

டெரன்ஸ் கூடத்துத் தரையில் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தான். அந்த வாரம் முழுக்க வேலைக்குப் போகவில்லை. சட்டை வேர்வையில் உடம்போடு ஒட்டியிருந்தது.

“ஏட்டி.”

“ம்.”

“நாளைக்கு வெள்ளிக்கெழம.”

“தெரியும்ணே.”

“நீ வந்து சொன்னாத்தான் வைப்பேங்காவ.”

“ம்.”

“வாரியா?”

பிலோமி அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். அவன் குரல் உயர்ந்தது. “ஒனக்கு என்னட்டி? எனக்குத்தான் தெரியும் இது என்னன்னு. வாயில வச்சவனுக்குத்தான் தெரியும். நீ கண்ணாலகூடக் கண்டதில்ல.”

“மொதல்ல ஜில்லுங்கும்” என்றாள் பிலோமி. “பனிக்கட்டில கெடந்த சாவிய நக்குன மாதிரி. பெறவு பின்னங்கழுத்துல சூடு ஏறும். வலது பக்கந்தான் மொதல்ல. இடது பக்கம் பையத்தான் வரும். அது வரமுன்ன அடுத்த தாள் வேணும்னு தோணும்.”

டெரன்ஸ் நிமிர்ந்து பார்த்தான். வலது பக்கம், இடது பக்கம் என்று அவன் கோயிலில் சொல்லவில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

“வச்சுப் பாத்தியா?”

“இல்ல.”

“பெறவு எப்படித் தெரியும்?”

“ஒனக்கு வந்ததெல்லாம் எனக்குத்தானே வந்துச்சு. நீ மைக்ல பேசுனியே, அன்னைக்குத் தூணப் புடிச்சிக்கிட்டு நின்னேன்.”

டெரன்ஸ் முகத்தைச் சட்டைக் கையில் துடைத்தான். பிறகு, “ஒரு தடவ எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?” என்றான்.

“நீ ஒரு தடவ கேட்டிருக்கலாம்லா? ஒரே வீட்டுலதான இருந்தோம். உப்பத் திங்கேன்னு சிரிச்ச. ஏன் திங்கேன்னு கேக்கல.”

“அப்ப நான் அங்க நின்னு சொன்னதெல்லாம் பொய்யா?”

“பொய் சொல்லல நீ. ஒனக்கு ஒண்ணும் தோணலதான்.”

அவன் பார்வை மாதா படத்துக்குக் கீழே தொங்கிய மெடலுக்குப் போய்த் திரும்பியது. முழங்காலை இழுத்துக் கட்டிக்கொண்டான். பல் கிட்டித்தது. “ஒரே ஒரு மாசம், பிலோமி. ஒரு மாசம் மட்டும் எடுத்துக்க. பெறவு நீ அழுத்து, எத்தன தடவ வேணும்னாலும் அழுத்து. நான் பழகிக்கிடுதேன். மாதா மேல சத்தியம்.”

பிலோமி நெருங்கி வந்து அவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். இப்படி அவன் முகத்துக்கு நேராக அவள் உட்கார்ந்து எவ்வளவு காலமாயிற்று.

“போன மாசம் நான் உப்பளத்துப் பாதைல போனேன்.”

முழங்காலைக் கட்டியிருந்த அவன் கை தளர்ந்தது.

“நீ சொன்ன அடையாளந்தான். குடோனுக்குப் பின்னால நீலக் கதவு. தட்டக் கைய ஓங்கிட்டேன். உள்ள யாரோ இருமுனாவ. அதுல பயந்து ஓடியாந்துட்டேன். இல்லன்னா தட்டியிருப்பேன்.” அவள் குரல் ஒரே நிலையில் இருந்தது. “எனக்கு இப்ப வழி தெரியும்ணே. ஒன்னோடதும் சேந்து ஏறுச்சுன்னா, எவன் இருமுனாலும் நான் திரும்பி வரமாட்டேன்.”

டெரன்ஸ் தங்கையை முதன்முதலாகப் பார்ப்பவன் போலப் பார்த்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம். உப்புப் பட்டு வெடித்த உதட்டோரம். தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்த நாட்களில் அவன் பார்த்த அதே முகம்.

பிலோமி பையை அவிழ்த்து இரண்டு கல் உப்பை எடுத்தாள். ஒன்றை அவன் முன்னால் தரையில் வைத்தாள்.

“இத நாக்குக்கு அடியில வையி. தாள் வைப்பியே, அதே எடத்துல. எரியும். துப்பிராத. கரையிற வரைக்கும் எங்கயும் போவாத, எதயும் முடிவு பண்ணாத. கரைஞ்ச பெறவு வேணுமா வேண்டாமான்னு பாரு. வேணும்னு தோணுச்சுன்னா இன்னொண்ணு வையி. எனக்கு இதத் தவிர வேற ஒண்ணும் தெரியாது.”

“இதானா?”

“இதான்.”

“ஒரு வருஷமா?”

“ம். நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். எத்தன நேரம்னாலும் உக்காந்திருக்கேன். ஆனா வாங்கிக்கிட மாட்டேன்ணே.”

மாட்டேன் என்ற சொல் அந்த வீட்டில் அவள் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சொல்லோடு அலையும் வந்தது. முத்து இல்லாமல், அண்ணன் இல்லாமல், அவளுக்கென்றே வருகிற அலை. அவள் தன் உப்பை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துக் கண்ணை மூடினாள்.

கண்ணைத் திறந்தபோது டெரன்ஸ் தன் முன்னால் இருந்த உப்பைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நகம் அளவில்தான் இருந்தது. கண்ணாடி போலத்தான் இருந்தது. எடுத்த இடத்திலேயே அதைத் திரும்ப வைத்தான். சுவரைப் பிடித்து எழுந்தான்.

அவனைக் கூப்பிட வேண்டும் என்று பிலோமிக்குத் தோன்றியது. வாய் நிறைய உப்புத் தண்ணீர். திறந்தால் வழிந்துவிடும். முத்து இருந்திருந்தால் அவன் நீலக் கதவுக்குப் போகிறானா, வேறெங்காவது போகிறானா என்று நாக்கே சொல்லியிருக்கும். இப்போது அவனுக்குள் என்ன எழும்புகிறது, என்ன அடங்குகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை. தெருவில் போகிற யாரோ ஒருவனைப் போலத்தான் அவனும்.

அவன் வாயில் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரு வார்த்தை பேசாமல், செருப்பை மாட்டிக்கொண்டு, அவளைத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனான்.